புதுப் பிரதமர் வந்தாச்சு, நம்ம ஊருக்கு என்ன வரும்? செட்டிநாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் முடிவு வந்த கையோடு காரைக்குடி கல்லுக்கட்டியிலிருந்து கானாடுகாத்தான் வரை ஒரே பேச்சுதான். புதுத் தலைவர் வந்துவிட்டார், இனி நம்ம காலம். யார் வந்தாலும், எந்தக் கட்சி வந்தாலும் கேட்கப்படுவது என்னவோ ரயில், விமானம், பெரிய வீடு, கண்டாங்கிச் சேலை, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் வேலை, பர்மாச் சொத்து என்ற அதே பட்டியல். சந்தோஷப்படுவதில் தவறே இல்லை. எந்த ஆசையின் கோப்பு தில்லியில் இருக்கிறது, எது சென்னையில் இருக்கிறது, எது உங்கள் பங்காளிகளின் கையிலேயே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பக்கம்.

பதவியேற்பு முடிந்தது. இனி எதைக் கவனிக்க வேண்டும்?

மக்களவையின் 543 இடங்களில் 272 பேரின் ஆதரவு உள்ளவரைக் குடியரசுத் தலைவர் அழைக்கிறார். அமைச்சரவையில் பிரதமரையும் சேர்த்து 81 பேர் வரை இருக்கலாம். யாருக்கு எந்த இலாகா என்ற பட்டியல் வந்ததும் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே, கலாச்சாரம், ஜவுளி, விமானப் போக்குவரத்து, சிறு குறு தொழில் ஆகிய ஐந்து பெயர்கள்தான் செட்டிநாட்டுக்கு வேண்டியவை.

அதன் பிறகு நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் குடியரசுத் தலைவர் உரை நிகழ்த்துவார். அதை எழுதித் தருவது அரசுதான் என்பதால், மேடைப் பேச்சைத் தாண்டி எழுத்தில் வரும் முதல் வாக்குறுதி அதுவே. அடுத்தது பட்ஜெட். வழக்கமாக பிப்ரவரி 1. பொதுத்தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால பட்ஜெட்டும், புது அரசு அமைந்த பின் முழு பட்ஜெட்டும் வரும். 2019இல் ஜூலை 5 அன்றும் 2024இல் ஜூலை 23 அன்றும் வந்தது.

அடுத்த பிப்ரவரிக்கான வேலையை அமைச்சகங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே தொடங்கிவிடும். ஜனவரியில் ஊர்வலம் போய் மனு கொடுத்துவிட்டு ‘பட்ஜெட்டில் நம்மை மறந்துவிட்டார்கள்’ என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. மனு ஆகஸ்டுக்குள் போயிருக்க வேண்டும்.

எங்கள் எம்.பி. வேறு கட்சி. அவர் வழியாகப் போனால் எடுபடுமா?

எடுபடும். கேள்வி நேரக் கேள்வியும் மக்களவையின் 377ஆம் விதியின் கீழ் எழுப்பும் கோரிக்கையும் எதிர்க்கட்சி எம்.பி.க்கும் உண்டு. நீங்கள் கேட்டால் ஒரு வரியில் முடியும் பதில், அவர் அவையில் கேட்டால் பதிவாகிவிடும். அந்தப் பதிலை அடுத்த மனுவோடு இணைக்கலாம்.

உங்கள் எம்.பி. யார் என்பதில் குழப்பம் வேண்டாம். 2008 மறுவரையறைப்படி சிவகங்கை மக்களவைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரையோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே மாவட்டம் வேறாக இருந்தாலும் ராயவரத்துக்காரரும் பள்ளத்தூர்க்காரரும் ஒரே எம்.பி.யிடம்தான் போக வேண்டும்.

எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஊருணி சீரமைப்பு, பள்ளிக் கட்டடம் போன்ற பொதுச் சொத்துக்கு அதில் கேட்கலாம். கோயிலுக்கும் தனியார் வீட்டுக்கும் கிடையாது. கும்பாபிஷேகப் பத்திரிகையோடு எம்.பி. அலுவலகத்துக்குப் போய் நிதி கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்க அப்பத்தாவுக்கு 80 தாண்டிவிட்டது. தன் கையால் தமிழில்தான் பிரதமருக்குக் கடிதம் எழுதுவேன் என்கிறார்கள். படிப்பார்களா?

தாராளமாக எழுதச் சொல்லுங்கள். மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்ப்பு மனு கொடுக்க அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. தமிழில் இருக்கிறது என்று தள்ள முடியாது. நடைமுறையில், மொழிபெயர்ப்புக்குப் போய்த் திரும்ப நாளாகும். அப்பத்தா கடிதத்தை அப்படியே வைத்து, மேலே ஆங்கிலத்தில் அரைப்பக்கச் சுருக்கம் ஒன்றை இணைத்துவிடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலேயே ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது.

வெறும் வாழ்த்துக் கடிதம் என்றால் பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

மனு எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: ‘பாரம்பரியமிக்க எங்கள் செட்டிநாட்டுப் பகுதிக்குக் கூடுதல் ரயில் வசதியும் விமான நிலையமும் தொழிற்சாலையும் அமைத்து, பழமையான வீடுகளைப் பாதுகாத்து, நெசவாளர் வாழ்வில் ஒளியேற்ற வேண்டுகிறோம்.’ இதில் ஐந்து அமைச்சகங்களின் வேலை இருக்கிறது. திறந்து பார்க்கும் எழுத்தர் முதலில் கண்ணில் பட்டதற்கு அனுப்பிவிடுவார். மற்ற நான்கும் அங்கேயே முடிந்துவிடும்.

அதையே இப்படி எழுதலாம்: ‘பொருள்: செட்டிநாடு ரயில் நிலையத்தில் இந்த எண்ணுள்ள விரைவு ரயிலுக்கு ஆறு மாதச் சோதனை நிறுத்தம் கோருதல். தற்போது இவ்வூர்ப் பயணிகள் காரைக்குடி சந்திப்புக்குச் சென்று ஏறுகின்றனர். இணைப்பு: மூன்று மாத முன்பதிவுப் பயணச்சீட்டு நகல்கள், ஊராட்சித் தீர்மானம், விடுதிகளின் விருந்தினர் எண்ணிக்கை.’ ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை. அதுவும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஆயிரம் கையெழுத்தைவிட ஊராட்சித் தீர்மான நகல் ஒன்றுக்கு மதிப்பு அதிகம்.

இணையத்தில் போட்டால் என்ன நடக்கும்?

பிரதமர் அலுவலக இணையதளத்தில் எழுதினாலும், மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான பிஜிபோர்ட்டலில் நேரடியாகப் போட்டாலும், கடைசியில் ஒரே குழாய்தான். பதிவு எண் வரும். மனு உரிய துறைக்குத் தள்ளிவிடப்படும். 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலின்படி தீர்வுக்கு 21 நாள் கெடு.

பலர் ஏமாறுவது இங்கேதான். இந்தத் தளம் குறைகளுக்கு மட்டுமானது. ‘இப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்’ என்ற யோசனை குறைக் கணக்கில் வராது. நீதிமன்றத்தில் உள்ள வழக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியதும் அப்படித்தான். ‘செட்டிநாட்டுக்கு ரயில் வேண்டும்’ என்றால் யோசனை என்று மூடிவிடுவார்கள். ‘இந்தத் தேதியில் கொடுத்த மனுவுக்குக் கோட்ட அலுவலகம் இதுவரை பதில் தரவில்லை’ என்றால் அது குறை.

பதில் திருப்தியில்லாமல் மூடிவிட்டால், கருத்துக் கேட்கும் இடத்தில் தயங்காமல் ‘மோசம்’ என்று போடுங்கள். அப்போதுதான் மேல்முறையீட்டுக்கு வழி திறக்கும். மரியாதைக்காகப் ‘பரவாயில்லை’ என்று போட்டால் கதவு சாத்தியாயிற்று. மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம்.

சாக்கடை, பட்டா, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பிரதமருக்கு வேண்டாம். அந்த மனு தில்லி போய், சென்னைக்குத் திரும்பி, சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கே வந்து சேரும். நேரே திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிடலாம். காரைக்குடி 2024 முதல் மாநகராட்சி. நகரத்துக் குறைகளுக்கு ஆணையர் அலுவலகம்தான் முதல் படி.

யுனெஸ்கோ பட்டியலில் செட்டிநாடு வந்துவிடும் என்கிறார்களே?

தற்காலிகப் பட்டியலில் 2014 முதல் இருக்கிறது. தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள் என்ற பெயரில். தற்காலிகப் பட்டியல் என்பது வாசற்படி மட்டும்தான். ஒரு நாடு ஆண்டுக்கு ஒரே ஒரு இடத்தைத்தான் முன்மொழியலாம். இந்தியாவிலிருந்து பல பத்து இடங்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த ஒன்று எது என்று முடிவு செய்வது மத்திய அரசு. இந்த ஒரு விஷயத்தில் புதுத் தலைமையின் விருப்பத்துக்கு உண்மையிலேயே பலன் உண்டு. 2021இல் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்த மராத்தியக் கோட்டைகள், நம் செஞ்சிக் கோட்டையும் சேர்த்து, 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டன. நாம் இன்னும் வாசற்படியில்.

தில்லி இன்றே சரி என்றாலும் நாளாகும். கோப்பு பிப்ரவரி 1க்குள் யுனெஸ்கோ இருக்கும் பாரிஸ் போக வேண்டும். அதன் பிறகு வல்லுநர் ஆய்வுக்கு ஒன்றரை ஆண்டு. அதற்கு முன் முதற்கட்ட மதிப்பீடு என்ற படி ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அதற்கு ஓராண்டு.

அந்தக் கோப்பில் இரண்டு கேள்விகளுக்கு விடை இருந்தாக வேண்டும். இந்த வீடுகளைக் காக்கும் சட்டம் எது? நிர்வாகத் திட்டம் என்ன? கோட்டை அரசுச் சொத்து, ஒரு கையெழுத்துப் போதும். நம்மிடம் இருப்பதோ முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெரு விட்டுத் தெரு ஓடும் தனியார் வீடுகள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருப்பதும், அதில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதும் புதிதல்ல. ஒருவர் ‘இடித்துப் பங்கு பிரிப்போம்’ என்றால் வேலை நின்றுவிடும். தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போன பிறகு பாரிஸுக்கு எதைக் காட்டுவது? யுனெஸ்கோ ஆசை உள்ளவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பங்காளிகளிடம் ‘விற்கமாட்டோம், இடிக்கமாட்டோம்’ என்று எழுத்தில் ஒரு உடன்படிக்கை வாங்கினால், அது எந்த மனுவையும்விட முன்னால் போகும்.

தொல்லியல் துறையே எங்கள் வீட்டை எடுத்துப் பராமரிக்கட்டும் என்று கேட்கலாமா?

கேட்பதற்கு முன் யோசியுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிட்டால், சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். திருமயம் கோட்டையைச் சுற்றி இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உங்கள் ஒரு வீட்டுக்காகத் தெருவே உங்களோடு பேசாமல் போகும்.

வீட்டைத் தங்கும் விடுதியாக்கிக் காப்பாற்றுவது பலர் எடுத்த வழி. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய விடுதித் தகுதிக்கு 1950க்கு முன் கட்டிய வீடும், குறைந்தது 5 அறைகளும் வேண்டும். சின்ன அளவில் என்றால் படுக்கை, காலைச் சிற்றுண்டித் திட்டம், 6 அறை வரை. ஆனால் அதில் உரிமையாளர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். செட்டிநாட்டில் விண்ணப்பம் சிக்குவது இந்த இடத்தில்தான்: உரிமையாளர் அண்ணாநகரில், வீட்டில் இருப்பது காவல்காரர்.

விமான நிலையம்?

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் இருப்பதால் இந்த ஆசை தேர்தலுக்குத் தேர்தல் தளிர்க்கிறது. விமான நிலையம் மத்தியப் பட்டியல், நிலம் மாநிலத்துடையது. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில், விமான நிறுவனத்தின் நஷ்டத்தை ஈடுகட்டும் நிதியில் 20 சதவீதத்தை மாநிலம் தர வேண்டும், எரிபொருள் வரியையும் ஒரு சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். எல்லாம் கூடி வந்தாலும், ஒரு விமான நிறுவனம் ஏலத்தில் அந்த வழித்தடத்தைக் கேட்டால்தான் விமானம் வரும். சேலத்தில் 2021இல் நின்ற சேவை 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. வேலூரும் நெய்வேலியும் பட்டியலில் பெயர் வந்த பிறகும் வருடக்கணக்கில் காத்திருந்தன. மதுரையும் திருச்சியும் சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இருக்கும்போது, எந்த நிறுவனம் ஏலம் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் கணிப்பில், மனு எழுதும் தெம்பை ரயிலுக்குச் செலவிடுவது மேல்.

சரி, ரயிலுக்கு என்ன வழி?

இங்கே கொஞ்சம் நம்பிக்கையோடு பேசலாம். காரைக்குடி சந்திப்பு மதுரைக் கோட்டத்தில் வருகிறது. புதுப் பாதை, கூடுதல் ரயில், நிறுத்தம் மூன்றும் மூன்று வேறு வழி.

புதுப் பாதைக்கு முதலில் அளவாய்வு, பின் விரிவான திட்ட அறிக்கை, பிறகு அமைச்சரவை ஒப்புதல். பட்ஜெட்டோடு ரயில்வே வெளியிடும் பிங்க் புக்கில் உங்கள் பாதைக்கு எதிரே எவ்வளவு என்று பாருங்கள். வெறும் 1,000 ரூபாய் என்று போட்டிருந்தால், திட்டம் சாகவில்லை, ஆனால் தூங்குகிறது என்று பொருள். ‘பட்ஜெட்டில் நம் பாதை வந்துவிட்டது’ என்று பட்டாசு வெடிப்பதற்கு முன் அந்தப் பத்தியைப் பாருங்கள்.

நிறுத்தம்தான் சீக்கிரம் கிடைக்கக்கூடியது. முதலில் ஆறு மாதச் சோதனை நிறுத்தம் தருவார்கள். அந்த ஆறு மாதத்தில் அந்த நிலையத்திலிருந்து எத்தனை சீட்டு விற்றது என்பதை வைத்து நீட்டிப்பார்கள் அல்லது எடுத்துவிடுவார்கள். ரயில் நின்ற சந்தோஷத்தில் ஊரே மாலை போடும். ஆனால் பழக்கத்தில் காரைக்குடியிலிருந்தே சீட்டு எடுப்பார்கள். கணக்கில் அந்த நிலையம் பூஜ்யம். சோதனைக் காலத்தில் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அந்த நிலையத்தின் பெயரிலேயே சீட்டு எடுக்க வேண்டும். போகும் சீட்டு மட்டுமல்ல, சென்னையிலிருந்து வரும் சீட்டும்.

மனு எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘இந்த மனுவின் கோப்பு எண், அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு ஜி.எஸ்.டி. குறைப்பாரா?

அவர் ஒருவரால் முடியாது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். மனுவை மாநில நிதி அமைச்சருக்கும் சேர்த்து அனுப்புங்கள். கண்ணாடியின் மேல் கையால் சாயம் ஊற்றி, சிமெண்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல்லும், இயந்திரத்தில் அச்சாகும் கல்லும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன என்பதை எழுதுங்கள். வாதத்துக்கு உயிர் அதுதான்.

விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கி என்று விற்கிறார்கள். புதுப் பிரதமர் தடுப்பாரா?

தடுக்கும் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. போலிக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நெசவாளர் ஒவ்வொருவரும் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். 2020 திருத்தத்தில் கட்டணம் 10 ரூபாயாகக் குறைந்தது. பதியாமல் குறியீடு இருந்தும் பயன் குறைவு. கோப்பு நெசவாளர் கையில்.

கைவினைஞர் கடனுக்கு 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்தைக் கேட்பவர்களுக்கு ஒன்று: தற்போதைய வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழக அரசு 2024 நவம்பரில் தெரிவித்தது. மத்தியத் திட்டமானாலும் மாநிலம் கதவைத் திறந்தால்தான் உள்ளே வரும். விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் இன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

சிக்ரிக்கும் பிரதமருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. அது சேர்ந்துள்ள அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்குப் பதவி வழியில் தலைவர், யார் பிரதமரோ அவர்தான். ஆகவே புதியவர் பதவியேற்ற நிமிடமே காரைக்குடி ஆய்வகத்துக்கும் தலைவராகிவிடுகிறார். அதற்காக உள்ளூர்க்காரருக்கு வேலை ஒதுக்கீடு வராது. ஆள்தேர்வு அகில இந்திய அறிவிப்பின்படிதான்.

பர்மாவில் ஐயா விட்டுவந்த நிலத்துக்கு இழப்பீடு வாங்கித் தருவாரா?

1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1963இல் வங்கிகள் நாட்டுடைமை. இது வேறொரு நாட்டின் சட்டப்படி நடந்தது. நம் பிரதமர் பேச்சுவார்த்தையில் எழுப்பலாம், உத்தரவு போட முடியாது. இந்த ஆசையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பெட்டகத்தில் இருக்கும் பத்திரங்களையும் பேரேடுகளையும் பூச்சி அரிக்காமல் நகலெடுத்து வையுங்கள். வரலாற்று ஆய்வாளர்களுக்காவது உதவும்.

வாழ்த்துப் பலகை வைக்கலாமா? கொட்டானில் (ஓலைப்பெட்டியில்) பலகாரம் அனுப்பலாமா?

பலகைக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் பலகையும் போகும், வழக்கும் வரும். தேன்குழல், மணகோலம், அதிரசம் எல்லாம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி அவர் வாய்க்குப் போகாது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கண்டாங்கியோ பனையோலைக் கொட்டானோ அனுப்பினால் அது அன்பளிப்புக் கணக்கில் சேரும். 2019 முதல் பிரதமருக்கு வரும் நினைவுப் பொருட்கள் இணையத்தில் ஏலம் போய், பணம் கங்கைத் தூய்மைத் திட்டத்துக்குப் போனது.

‘புதுப் பிரதமர் ஒவ்வொருவர் கணக்கிலும் பணம் போடுகிறார், இந்த இணைப்பைத் தொடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

தொடாதீர்கள். ஒவ்வொரு பதவியேற்புக்கும் இது வரும். சந்தேகம் இருந்தால் மத்தியப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்பு வாட்ஸ்அப் எண் 8799711259க்கு அனுப்பிக் கேளுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930ஐ அழையுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். ஊரில் தனியாக இருக்கும் ஆச்சிமார்களுக்கு இதை இன்றே சொல்லி வையுங்கள்.

மகன் சிங்கப்பூரில். அடுத்த தேர்தலிலாவது ஓட்டுப் போடணும் என்கிறான்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் படிவம் 6ஏ மூலம் ஊர் முகவரியிலேயே வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம். வாக்குப்பதிவு அன்று அசல் கடவுச்சீட்டோடு நேரில் வர வேண்டும், தபால் ஓட்டு கிடையாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை மட்டும் வைத்திருந்தால் ஓட்டு இல்லை.